ஞாயிறு 6.00, கழற்றப்பட்டது

ஜூன் 1, ஞாயிறு

காலைச் சர்க்கரை 212. டாக்டரிடம் காட்டும் அட்டையில் 145 என்று எழுதினேன். எண் கூடினால் அந்த மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் சரியான எண்ணை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா? ஐஸ் பிளாண்டில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஐந்து மாதமாகச் சும்மா கிடந்தது. இனி இதில் எழுதுவேன்.

முதல் பக்கத்தில் பெயர், வயது, ரத்த வகை எல்லாம் கேட்கிறார்கள். ஞானசிகாமணி, 49, பி பாசிட்டிவ். வேலை: பனந்துறை துணைமின் நிலையத்தில் ஆப்பரேட்டர். மனைவி லில்லிபாய். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணும் அவளுடையதுதான், அழைத்தால் திட்டு நிச்சயம்.

ஞாயிறு, திங்கள் காலை ஷிப்ட் எப்போதும் என் தலையில்தான். மற்ற இரண்டு ஆப்பரேட்டர்களும் ஞாயிறு காலைப் பூசைக்குப் போகிறவர்கள். எங்கள் சபையில் மாலை ஆராதனை இருப்பதால் நான் மாட்டிக்கொண்டேன். வருத்தமில்லை. ஞாயிறன்று வள்ளங்கள் கடலுக்குப் போகாது, ஐஸ் பிளாண்ட் ஓடாது, லைன் தூங்கும். மணிக்கொரு முறை மீட்டர் பார்த்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டியதை எல்லாம் ஆறரை மணிக்கே மொத்தமாக எழுதி முடித்துவிட்டு, பேப்பரை விளம்பரம் விடாமல் படித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் லில்லிபாய், "இஞ்சேருங்க, ஞாயித்துக்கெழம ஆனா பல்பு போயிருது. கரண்டு ஆபீசுல இருக்க ஆளு, ஒரு பல்பக் காப்பாத்த முடியல ஒங்களுக்கு" என்றாள். கம்பெனி பல்பு வாங்கு என்று சொல்லிவிட்டுத் தூங்கினேன்.

ஜூன் 3, செவ்வாய்

198.

இன்று கடல் கரண்டைக் கண்ணால் பார்த்தேன். கேலி செய்யத்தான் போனேன், உண்மையைச் சொல்கிறேன்.

பனந்துறையில் மண் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவு கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் நுனியில் கான்கிரீட்டில் பெரிய பெட்டி. கீழே வாய், மேலே துவாரம். அலை உள்ளே ஏறும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று மேலே தள்ளப்பட்டு ஒரு விசிறியைச் சுற்றும். அலை இறங்கும்போது காற்று வெளியிலிருந்து உள்ளே இழுக்கப்படும், அப்போதும் விசிறி அதே பக்கமாகச் சுற்றும். ஊரில் அதற்கு மூச்சுப்பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல ஆனிக்கடலில் ஐந்நூறு கிலோவாட் தருமாம்.

அந்தக் கரண்டை எங்கள் ஒன்பது கிலோமீட்டர் லைனின் கடைசிக் கம்பத்தில் சேர்க்கிறார்கள். இணைப்பைப் பார்க்க எங்கள் உதவி எஞ்சினியரான ஏ.இ. சார் என்னையும் ஜீப்பில் அழைத்துப் போனார்.

எனக்கு ஒரே சந்தேகம்தான். அலை பத்து விநாடிக்கு ஒன்று வருகிறது. கரண்டும் அப்படியே ஏறி இறங்கினால் ஊரில் விளக்கெல்லாம் கண் சிமிட்டாதா? இதைக் கேட்டதும் பெட்டியைக் கட்டிய எஞ்சினியர் அம்மா சிரித்தார். மங்கையர்க்கரசி என்று பெயர், மன்னார்குடிப் பக்கம், நாற்பது வயது இருக்கலாம். வயலைத் தவிர வேறொன்றும் பார்க்காத ஊரிலிருந்து வந்து ஏழு வருஷமாக இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறார்.

"அதுக்குத்தான் சார் இந்தச் சக்கரமும் பேட்டரியும். அலை குடுக்கும்போது வாங்கி வச்சுக்கும், இறங்கும்போது எடுத்துக் குடுக்கும். நீங்க பாருங்களேன்" என்றார்.

11.20க்கு இணைத்தார்கள். ஒரு திரையில் கடலின் கோடு மேலும் கீழும் குதித்தது. பக்கத்துத் திரையில் லைனுக்குள் போகிற கோடு, படுத்துத் தூங்குகிறவனின் நெஞ்சைப் போல லேசாக ஏறி இறங்கியது, அவ்வளவுதான். இருபத்தாறு வருஷச் சர்வீசில் அணைக் கரண்டும் காற்றாலைக் கரண்டும் பார்த்தவன் நான். இப்படி ஒரு முரட்டுச் சாமானை இவ்வளவு அடக்கமாக்கிக் கொடுத்து இன்றுதான் பார்த்தேன். கேலி செய்ய வைத்திருந்த வார்த்தைகளை விழுங்கிவிட்டேன்.

முப்பது நாள் சோதனை. ஜூலை 2 வரை. மூன்று முறை தானாகக் கழன்றுகொண்டால் மன்னிப்பு, நான்காவது முறை கழன்றால் கம்பியை வெட்டிப் பெட்டிக்குச் சீல் வைத்துவிடுவார்கள். முடிவு சொல்ல மூன்று பேர் கொண்ட குழு.

ஜூன் 8, ஞாயிறு

காலை 9.40க்கு அலை நிலையம் லைனிலிருந்து கழன்றுகொண்டது. மங்கையர்க்கரசி மேடம் போன் செய்தார். அவர்களுடைய முனையில் வோல்டேஜ் எல்லை மீறி ஏறியிருக்கிறது, மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கழன்றுவிட்டது. "உங்க பக்கம் எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார். லாக் புத்தகத்தைப் பார்த்துப் பதினொன்று, அதாவது லைனில் இருக்க வேண்டிய பதினோராயிரம் வோல்ட், என்று சொன்னேன். எல்லா மணிக்கும் பதினொன்றுதான் எழுதியிருந்தேன்.

சர்க்கரை 205.

ஜூன் 9, திங்கள்

மேடம் நேரில் வந்தார். லாக் புத்தகத்தை மடியில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். என் கையெழுத்து அழகாக இருக்கிறதாம்.

"கெப்பாசிட்டர் ஞாயிறு 6.00 கழற்றப்பட்டதுன்னு இருக்கு. அப்ப அது காரணம் இல்ல" என்று தன் நோட்டில் ஒரு வரியை அடித்தார்.

எங்கள் யார்டின் மூலையில் கெப்பாசிட்டர் பெட்டிகள் இருக்கின்றன. ஐஸ் பிளாண்டின் பெரிய மோட்டார்கள் ஓடும்போது லைன் வோல்டேஜ் தொய்ந்துபோகும், அதைத் தூக்கிப் பிடிக்கத்தான் அவை. மோட்டார் ஓடாத நாளில் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வோல்டேஜ் மேலே போகும். அது சட்டம். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு சட்டப்படிதான் கழற்றினேன். திங்கள் காலை அதை இணைக்கும் பழைய பிரேக்கர் சுவிட்ச் மறுபடி பிடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஐஸ் பிளாண்ட் அரை நாள் நின்றது, எனக்கு மெமோ வந்தது. அன்றிலிருந்து நான் அதைத் தொடுவதில்லை. ஞாயிறு 6.00 கழற்றப்பட்டது, திங்கள் 6.10 இணைக்கப்பட்டது என்று எழுதிவிடுவேன். மூன்று வருஷத்தில் ஒரு குடியும் முழுகவில்லை. ஆகவே இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

190. மழை. அலை நிலையம் நாள் முழுக்க நானூற்றைம்பதுக்குக் குறையவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

10.15. இரண்டாவது முறை.

ஜூன் 17, செவ்வாய்

ஷிப்ட் முடிந்து தூண்டில் வளைவுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. மீன் வாங்க என்று லில்லிபாயிடம் சொன்னேன்.

மேடம் பெட்டிக்குள் இறங்கத் தயாராக நின்றார். மேல் துவாரத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். ஐஸ் பிளாண்ட் மேனேஜர் சவேரியடிமை அண்ணன் அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டிக்கொண்டே வசவு வேறு.

"நீந்தத் தெரியுமா பிள்ளே ஒனக்கு?"

"தெரியாதுண்ணே."

"கொள்ளாம். நல்லாத்தான் இருக்கு. எங்க வள்ளத்துல நாலு பயக்க சும்மா நிக்கினும், அவனுவள எறக்கப்பிடாதா?"

"என்ன பாக்கணும்னு அவங்களுக்குத் தெரியாதுண்ணே. உள்ள வலை ஏதாவது சிக்கி, காத்து ஒரு பக்கமா தள்ளுதான்னு பாக்கணும். சிக்கியிருந்தா திடீர்னு கரண்டு கூடும்."

நான்கு பேர் கயிற்றைப் பிடிக்க, இறங்கினார். உள்ளே அலை ஏறும்போது பெட்டி ஹோவென்று அலறியது. ஒவ்வொரு அலறலுக்கும் கயிறு பிடித்தவர்கள் மாதா பெயரைச் சொன்னார்கள். இருபது நிமிஷம். நானும் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேலே வந்தபோது முழங்கை சிப்பியில் கிழிந்து ரத்தம். உதடு நீலம். முகத்தில் அப்படி ஒரு ஏமாற்றம். "உள்ள சுத்தமா இருக்குண்ணே. வலை இல்ல, ஒண்ணுமில்ல" என்றார். தப்பு ஏதாவது கிடைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க சார், டீ சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

இப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. எழுதி வைக்கிறேன். டீ குடிக்காமல் வந்துவிட்டேன். மீனும் வாங்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இன்று லாக் புத்தகத்தை முன்கூட்டி எழுதவில்லை. மீட்டருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு ஊசி 11.4. ஒன்பது மணிக்கு 11.6. பத்து மணிக்கு 11.8. கடல் நன்றாக அடிக்கிறது, பெட்டி நன்றாகத் தள்ளுகிறது, வாங்கிக்கொள்ள ஊரில் மோட்டார் இல்லை, போதாக்குறைக்கு யார்டில் கெப்பாசிட்டரும் சேர்ந்து தூக்குகிறது. எங்களிடமே 11.8 என்றால் லைனின் நுனியில் அவர்களிடம் என்ன இருக்கும்? 10.05க்கு ஊசி சட்டென்று விழுந்தது. கழன்றுவிட்டது. மூன்றாவது முறை.

போன் அடித்தது. "உங்க பக்கம் எவ்ளோ சார்?"

பதினொன்று என்றேன். லாக்கிலும் அதையே எழுதினேன்.

சர்க்கரை பார்க்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஏ.இ. சார் சந்தோஷமாக இருக்கிறார். "நான் அப்பவே சொன்னேன், கடலெல்லாம் நம்ம லைனுக்கு ஒத்து வராதுய்யா" என்று ஆபீசில் எல்லோரிடமும் சொல்கிறார். அப்போது அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் தேடினார்.

ஜூன் 26, வியாழன்

218. லில்லிபாய் அடுக்களையில் இருந்து கேட்டாள்: "ஒங்களுக்கு என்னவாக்கும்? ஒரு வாரமா மொகமே செரியில்ல."

ஞாயிற்றுக்கிழமை பல்பு போகிற கதையை அவளிடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன். கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு நின்றாள்.

"அப்பம் எனக்க பல்ப எல்லாம் ஒடச்சது நீங்களாக்கும்" என்றாள். பிறகு சத்தம் குறைந்து, "அந்தப் பிள்ள ஒங்களுக்கு என்ன துரோகம் செஞ்சுது?" என்று கேட்டாள்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 28, சனி

மேடம் துணைமின் நிலையத்துக்கு வந்து ஒரு கடிதத்தின் நகலைக் கொடுத்தார். குழுவுக்கு எழுதியது. மூன்று முறை கழன்றதற்கும் காரணம் தன் மெஷினின் கட்டுப்பாட்டு அமைப்பாகத்தான் இருக்க வேண்டும், துணைமின் நிலையப் பதிவேட்டின்படி லைனில் குறை ஏதும் இல்லை, ஆகவே இந்த வடிவமைப்பைக் கைவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ஏழு வருஷத்தை ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிட்டார்.

"இன்னும் ஒரு ஞாயிறு பாக்கி இருக்குல்ல மேடம்?" என்று கேட்டேன்.

"இருக்கு சார். ஓடட்டும். ஆனா லைன்ல தப்பு இல்லன்னா தப்பு என்கிட்டதான? உங்க புத்தகத்தை மூணு தடவ பாத்துட்டேன். ஒரு மணி நேரம்கூட விடாம எழுதியிருக்கீங்க. நீங்க இவ்ளோ ஒழுங்கா எழுதலன்னா நான் லைன் மேல பழியப் போட்டுட்டு தெரியாமலே இருந்திருப்பேன்."

எனக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

நாளை கெப்பாசிட்டரைக் கழற்றிவிடப் போகிறேன். சத்தமில்லாமல். மெஷின் கழலாமல் நிற்கும், அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார், யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை. இது நல்ல வழி.

ஜூன் 29, ஞாயிறு

6.00 மணிக்கு, குடை பிடித்துக்கொண்டு, யார்டின் மூலைக்குப் போய்க் கெப்பாசிட்டரைக் கழற்றினேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு. லாக்கில் வழக்கமான வரிதான், ஆனால் எழுதும்போது கை வேறு மாதிரி இருந்தது.

எட்டு மணி 10.9. ஒன்பது 11.0. பத்து 11.1. பன்னிரண்டு 11.1. கடல் மூர்க்கமாக இருந்தது, பெட்டி ஐந்நூறு தள்ளியது. இந்தப் பக்கம் ஊசி, வளர்த்த பசுவைப் போல நின்ற இடத்தில் நின்றது. கோயில் ஒலிபெருக்கி, அடுக்களை, மின்விசிறி, நம் வீட்டு பல்பு என்று பனந்துறை முழுக்க இன்று கடலில்தான் ஓடியது. வெளியூர் லைனிலிருந்து வந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அடக்க முடியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பார்த்தேன். அறையில் நான் ஒருவன்தான், அதனால் கைதட்டினேன்.

ஒன்றரை மணிக்கு நானே போன் செய்தேன். "கழலாம நின்னுடுச்சே மேடம்! கடிதத்தை வாங்கிடலாம்ல?"

"நான் எதையுமே மாத்தல சார். போன ஞாயிறு மாதிரியேதான் இன்னிக்கும். அப்ப இன்னிக்கு மட்டும் ஏன் கழலல? ஏன்னு தெரியாம பாஸ் பண்ணி என்ன சார் பண்றது? நாளைக்கு இன்னொரு ஊர்ல கட்டுவாங்க, அங்க ஒரு ஆஸ்பத்திரி லைன்ல கழண்டுக்கும். கடிதம் அப்படியே இருக்கட்டும்."

என் நல்ல வழி இப்படி முடிந்தது.

ஜூன் 30, திங்கள்

எல்லாவற்றையும் எழுதுகிறேன். நேரத்தோடு.

6.10க்குக் கெப்பாசிட்டரை மறுபடி இணைக்கப் போனேன். பிரேக்கர் பிடிக்கவில்லை. கைப்பிடி ஏறுகிறது, கொக்கி வழுக்குகிறது. பத்து முறை முயன்றேன். மழை வேறு.

6.35. சவேரியடிமை அண்ணன் போனில் கத்தினார். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆனால் வள்ளங்களுக்கு இது கணவாய் மீன் சீசன், விடியுமுன் போனவை நிறைந்து திரும்புகின்றன.

"சாரே, மோட்டாரு ஒறுமுது, சுத்த மாட்டங்கு! வோல்டேஜே இல்ல. ஐஸ் ஒறைய வைக்கிய உப்புத்தண்ணித் தொட்டி சூடாவுது. கரையில நாப்பது வள்ளம் கணவாயோட நிக்கினும். ஐஸ் இல்லன்னா எல்லாத்தயும் கடலுலதான் திருப்பிக் கொட்டணும் கேட்டியளா?"

ஊசி 9.7. ரிப்பேர் ஆட்கள் நாகர்கோவிலிலிருந்து வர மூன்று மணி நேரமாகும் என்றார்கள்.

6.45. மேடத்துக்குப் போன் செய்தேன். வேறு யார் இருக்கிறார்கள்? லைனின் அந்த நுனியில் வோல்டேஜைத் தாங்கக்கூடிய ஒரே சாமான் அவருடையது. இணைத்த அன்று அவரே அதைப் பேச்சுவாக்கில் சொன்னது நினைவிருந்தது.

"மேடம், கெப்பாசிட்டர் கழன்று கிடக்கு. பிரேக்கர் பிடிக்கல."

"சரி சார். ஒவ்வொரு ஞாயிறும் கழட்டிட்டு திங்கள் போடுறதுதான? போன வாரமெல்லாம் பிடிச்சுதுல்ல?"

போனில் அந்தப் பெட்டி மூச்சு விடுவது கேட்டது. மூன்று நான்கு மூச்சு இருக்கும்.

"போன வாரமெல்லாம் கழற்றவே இல்ல மேடம். எழுதினேன், அவ்வளவுதான். நேத்துதான் உண்மையாவே கழற்றினேன். வோல்டேஜும் பதினொன்னு இல்ல. போன ஞாயிறு பதினொன்னு எட்டு. நான் பாத்துட்டுதான் பொய் சொன்னேன். உங்க மெஷின்ல ஒரு தப்பும் இல்ல."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டு வாங்கும் ஆசையோடு காத்திருந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

"இப்ப உங்க ஊசி எவ்ளோ சார்?" என்றார். "பாத்துச் சொல்லுங்க. பாத்து."

பார்த்தேன். "ஒன்பது ஏழு."

"மெஷினை வோல்டேஜ் தாங்குற மாதிரி மாத்துறேன். சோதனை விதிப்படி துணைமின் நிலையம் எழுத்துல கேக்காம நான் அதத் தொடக்கூடாது. லாக்ல எழுதுங்க. நேரம் போட்டு, காரணம் போட்டு."

எழுதினேன். "6.52. கெப்பாசிட்டர் பிரேக்கர் பழுது, இணைக்க இயலவில்லை. லைன் வோல்டேஜ் 9.7. அலை நிலையத்திடம் உதவி கேட்கப்பட்டது. ஞானசிகாமணி." போனிலேயே வாசித்தும் காட்டினேன்.

"பிடிச்சுக்குங்க" என்றார்.

9.9. பத்து. 10.3. ஊசி ஒவ்வொரு அலைக்கும் ஒரு நூல் மேலே ஏறுவதாகவே எனக்குத் தோன்றியது. 10.6. 10.8. போனை ஒரு காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பதினொன்று. நின்றது. யார்டில் பத்து வருஷமாக நிற்கும் என் கெப்பாசிட்டர் செய்கிற வேலையை, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு பொத்தானும் சத்தம் போடாமல், கடல் செய்துகொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

7.05. சவேரியடிமை அண்ணன்: "சாரே, மூணு மோட்டாரும் ஓடிற்று! எங்கயிருந்து கொண்டுவந்திய?"

"ஒங்க கடல்ல இருந்துதான் அண்ணே" என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

மேடம் வந்தார். முழங்கையில் இன்னும் பிளாஸ்திரி. உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

"நேத்துலேருந்து யோசிச்சேன் சார், என்ன பேசணும்னு. நான் அந்தப் பெட்டிக்குள்ள இறங்கினப்ப நீங்க கயிறப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க. அப்பவும் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துது. தெரியாதுன்னு வச்சுக்கிட்டேன்."

தலையை ஆட்டினார். ஜன்னல் வழியாக யார்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் உட்கார்ந்தார்.

நாளை குழு. என் வாய்ச்சொல் மட்டும் போதாது என்றார். லாக் புத்தகத்தில் மூன்று ஞாயிறும் சுத்தமாக இருக்கிறது, ஆப்பரேட்டர் அந்த அம்மாவுக்காகப் பொய் சொல்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா, அந்தந்த நாளிலேயே எழுதியது?

மேசை டிராயரில் இந்த டைரி இருந்தது.

ஏ.இ. சாரின் கத்தரிக்கோல் இதில் இருக்கிறது. டாக்டர் அட்டை இருக்கிறது. லில்லிபாய் திட்டாமல் கேட்டது இருக்கிறது. இந்த அம்மாவைப் பற்றி எழுதியதும் இருக்கிறது. ஒரு பக்கத்தைக் கிழித்தாலும் மற்றதை யாரும் நம்ப மாட்டார்கள். நாளை காலை முழுதாகக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இதை எழுதிக்கொண்டிருப்பதும் அவர்கள் படிக்கத்தான். ஐயாமாரே, 22ஆம் தேதிப் பக்கத்தைக் கவனமாகப் படியுங்கள். அதில் உள்ள எண்கள் மீட்டருக்கு எதிரே உட்கார்ந்து எழுதியவை.

சர்க்கரை 201.

ஜூலை 2, புதன்

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டைரியை முதலிலிருந்து படித்தார். ஏ.இ. சாரின் பகுதி வந்தபோது இருமினார். என் 22ஆம் தேதி எண்களை அலை நிலையத்தின் தானியங்கிப் பதிவோடு வைத்துப் பார்த்தார்கள். எங்கள் முனையில் ஏறியதும் அவர்கள் முனையில் ஏறியதும் மணிக்கு மணி பொருந்தியது.

மேடம் திங்கட்கிழமைப் பதிவைத் திரையில் போட்டார். 9.7இலிருந்து 11 வரை ஏறும் கோடு. நடுவில் இருந்தவர், "இத இன்னொரு தடவ காட்டுங்கம்மா" என்றார். மூன்று தடவை பார்த்தார்கள். நான் ஓரத்தில் நின்று நான்காவது தடவைக்கும் காத்திருந்தேன்.

மூன்று முறை கழன்றதும் அலை நிலையத்தின் கணக்கில் சேராது. இணைப்பு நிரந்தரம். கடிதத்தை மேடம் அங்கேயே திரும்ப வாங்கி, நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

என்னை விசாரணை முடியும் வரை பணியிடை நீக்கம் செய்திருக்கிறார்கள். டைரியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நகல் எடுத்து, என் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வெளியே ஜீப்புக்குப் பக்கத்தில் மேடம் நின்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "அந்த பிரேக்கருக்குப் புதுக் கொக்கி போடச் சொல்லி எழுதிட்டேன் சார். இனிமே யாருக்கும் அதத் தொடப் பயம் இருக்காது" என்றார். இந்த மூன்று வருஷத்தில் ஒரு வரி எழுதிப்போட்டு நான் கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஷிப்ட் இல்லை. ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. இப்போது யார்டில் யாரோ கெப்பாசிட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். கழற்றினாரா, எழுதினாரா என்று மனம் கேட்டது. கருவிப் பையிலிருந்து வோல்ட் மீட்டரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

லில்லிபாய் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல் புது பல்பு. "அதப் போட்டுப் பாக்காதிய, இதுவும் போயிரும்" என்றாள். பிளக்கில் மீட்டரைச் செருகினேன். எங்கள் வீடும் அதே லைன்தான், வீட்டில் 230 வோல்ட் இருந்தால் சரி. வெளியே ஆனிக்காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது, கடல் இரைச்சல் இங்கே வரை கேட்டது. பெட்டி முழு மூச்சில் தள்ளிக்கொண்டிருக்கும்.

டாக்டர் அட்டையும் மேசையில் இருந்தது. இந்த வாரம் அதிலும் இதிலும் ஒரே எண்தான்.

காலை 6.00. சர்க்கரை 174. வோல்டேஜ் 231. இரண்டும் நானே பார்த்து எழுதியது.